ஒரே இரவில் காணாமல் போன ஃபேஸ்புக், வாட்ஸ்அப்.. இணையத்தை இணைக்கும் 'பிஜிபி பியரிங்' என்றால் என்ன? ஸ்விட்ச்சில் அமைப்பது எப்படி?

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி இரவு 9 மணியைத் தாண்டிய நேரம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜ் போகவில்லை. இன்ஸ்டாகிராம் திறக்கவில்லை. ஃபேஸ்புக்கும் அவுட். "என் நெட்டுதான் போச்சா?" என்று போனை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தவர்கள் ஏராளம். மறுநாள் அதிகாலை 3 மணிக்கு மேல்தான் சேவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கிட்டத்தட்ட 6 மணி நேரம்.

அன்றைக்கு உங்கள் நெட்டில் எந்தக் கோளாறும் இல்லை. ஃபேஸ்புக்கின் சர்வர்களும் எரிந்துபோகவில்லை. அந்த சர்வர்களுக்குப் போகும் வழிதான் இணையத்தின் வரைபடத்தில் இருந்து அழிந்துபோனது. வீடு அப்படியே இருக்கு, ஆனா வீட்டுக்குப் போற ரோடு இல்லை.

அந்த ரோடுகளை உலகம் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டின் பெயர் பிஜிபி. விரித்துச் சொன்னால் 'பார்டர் கேட்வே புரோட்டோகால்'. இரண்டு நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ள ஏற்படுத்தும் உறவுதான் 'பியரிங் செஷன்'. இது எப்படி வேலை செய்கிறது, ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சில் இதை எப்படி அமைக்கிறார்கள், எங்கே கைதவறினால் என்ன ஆகும்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

பிஜிபி என்றால் என்ன?

கூகுள் மேப் வராத காலத்தை நினைத்துப் பாருங்கள். தெரியாத ஊருக்குப் போகும்போது என்ன செய்வோம்? முக்குல இருக்கிற டீக்கடையில் கேட்போம். "அந்த ஊருக்கா? இப்படியே நேரா போங்க, அடுத்த முக்குல கேளுங்க" என்பார் கடைக்காரர். அவருக்கு முழு வழியும் தெரிய வேண்டியதில்லை. அடுத்த முக்கு எது என்று தெரிந்தால் போதும்.

இணையமும் இப்படித்தான் ஓடுகிறது. உலகம் முழுவதற்கும் ஒரே மேப் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு நெட்வொர்க்கும் பக்கத்து நெட்வொர்க்கிடம், "இந்த முகவரிகளுக்குப் போகணும்னா என் வழியா வரலாம்" என்று சொல்கிறது. அதைக் கேட்ட நெட்வொர்க், தனக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் அதையே சொல்கிறது. இப்படிக் காதுக்குக் காது பரவும் செய்திகளை வைத்துத்தான் உங்கள் போனில் இருந்து கிளம்பும் டேட்டா அமெரிக்காவில் உள்ள சர்வரைப் போய்ச் சேர்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டீக்கடைக்காரர் தப்பா வழி சொன்னால்? பிஜிபி உருவான விதத்தில், சொன்னதை அப்படியே நம்புவதுதான் வழக்கம். சொன்னது உண்மையா என்று சரிபார்க்கும் வசதி அதற்குள் இல்லை.

இது உருவான கதையும் சுவாரஸ்யமானது. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் ஆஸ்டின் நகரில் இணையப் பொறியாளர்களின் கூட்டம் நடந்தது. அங்கே சிஸ்கோவைச் சேர்ந்த கிர்க் லாஹீட், ஐபிஎம்மைச் சேர்ந்த யாக்கோவ் ரெக்டர் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் கைதுடைக்கும் பேப்பர் நாப்கினில் எழுதிப் பார்த்ததுதான் பிஜிபி. அதே ஆண்டு ஜூனில் அது ஆவணமாக வெளியானது. இன்று உலகம் பயன்படுத்துவது அதன் 4-வது பதிப்பு. நாப்கினில் பிறந்த அந்த விதியின் வழிவந்ததுதான் இன்றைய இணையத்தின் முதுகெலும்பு.

ஏ.எஸ். எண்: நெட்வொர்க்கின் அடையாள அட்டை

பிஜிபி பேச வேண்டும் என்றால் முதலில் ஒரு அடையாளம் வேண்டும். ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் நெட்வொர்க்கை 'தன்னாட்சி அமைப்பு' என்கிறார்கள். சுருக்கமாக ஏ.எஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கூகுளுக்கு 15169, ஃபேஸ்புக்கிற்கு 32934, பிஎஸ்என்எல்லுக்கு 9829. இப்படி உலகம் முழுவதும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏ.எஸ்.கள் பிஜிபி வழியாகப் பேசிக்கொண்டிருக்கின்றன.

இந்தியாவில் இந்த எண்ணைப் பெற ஐஆர்ஐஎன்என் என்ற பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். வெளி உலகத்தோடு பேசாமல் தங்கள் கட்டடத்துக்குள் மட்டும் பிஜிபி பயன்படுத்துவோருக்கு 64512 முதல் 65534 வரையிலான எண்கள் இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வழி அறிவிப்பிலும் அது கடந்து வந்த ஏ.எஸ். எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு வழிகள் வந்தால், மற்ற விதிகள் சமமாக இருக்கும்போது எண்கள் குறைவாக உள்ள வழி தேர்வாகும். அந்த வரிசையில் தன் எண்ணையே பார்த்தால் "சுத்திச் சுத்தி நம்மகிட்டயே வந்துடுச்சு" என்று அந்த வழி நிராகரிக்கப்படும்.

பியரிங் எதற்கு?

சென்னையில் இரண்டு இன்டர்நெட் நிறுவனங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடையாறில் இருப்பவர் ஒன்றின் வாடிக்கையாளர், அண்ணா நகரில் இருப்பவர் இன்னொன்றின் வாடிக்கையாளர். இரண்டு நிறுவனங்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லையென்றால், அடையாறில் இருந்து அண்ணா நகருக்குப் போக வேண்டிய டேட்டா வேறு நாட்டைச் சுற்றிவிட்டு வரும் நிலைகூட வரலாம். நேரமும் வீண், காசும் வீண்.

இதைத் தவிர்க்கத்தான் நெட்வொர்க்குகள் ஒரே இடத்தில் கேபிள் கொண்டுவந்து நேரடியாக இணைகின்றன. அந்த இடங்களுக்கு 'இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். இந்தியாவில் 2003-ல் தொடங்கப்பட்ட நிக்சி அமைப்பு இப்படிப்பட்ட எக்ஸ்சேஞ்ச்களை நடத்துகிறது. சென்னையிலும் அதன் மையம் உண்டு. அங்கே நடுவில் இருப்பதும் ஸ்விட்ச்தான். அதில் கேபிளைச் செருகிய பிறகு நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பிஜிபி செஷன் ஏற்படுத்திக்கொள்கின்றன.

ஸ்விட்ச்சுக்கும் வழி காட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

நெட்வொர்க் பாடம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். வழி காட்டுவது ரவுட்டர் வேலையாச்சே, ஸ்விட்ச் எதுக்கு?

சாதாரண ஸ்விட்ச்சுக்கு வழி எல்லாம் தெரியாது. ஒரே ஆபீஸுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை இணைப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் 'லேயர் 3 ஸ்விட்ச்' எனப்படும் வகை, ரவுட்டரின் வேலையையும் சேர்த்தே செய்யும். 24 அல்லது 48 போர்ட்கள் கொண்ட தட்டையான பெட்டி. டேட்டா சென்டர்களில் ஒவ்வொரு ரேக்கின் மேலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். பெரிய டேட்டா சென்டர்களில் இந்த ஸ்விட்ச்களே ஒன்றோடு ஒன்று பிஜிபி பேசுகின்றன. அதற்கான வழிகாட்டி ஆவணம் 2016-ல் வெளியானது. அதன் எண் ஆர்.எஃப்.சி. 7938.

அமைப்பது எப்படி? படிப்படியாக..

கீழே வரும் கமாண்ட்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். ஸ்விட்ச்சில் ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும். சிஸ்கோ, அரிஸ்டா வகை ஸ்விட்ச்களில் பெரும்பாலும் இதே போக்குதான். நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் சொற்கள் சற்று மாறும். உதாரணத்தில் உள்ள ஐபி முகவரிகளும் ஏ.எஸ். எண்களும் பாடம் நடத்துவதற்காகவே உலக அளவில் ஒதுக்கப்பட்டவை. நிஜத்தில் இவை யாருக்கும் சொந்தமில்லை.

நம் ஏ.எஸ். எண் 64496. பக்கத்து நெட்வொர்க்கின் எண் 64497. நம் பக்க ஐபி 192.0.2.1, அவர்கள் பக்கம் 192.0.2.2. நாம் உலகுக்கு அறிவிக்க விரும்பும் முகவரித் தொகுதி 198.51.100.0/24. அவர்களுடையது 203.0.113.0/24.

1. போர்ட்டை மாற்றுங்கள்: ஸ்விட்ச்சின் போர்ட் பல மாடல்களில் சாதாரண நிலையில் இருக்கும். அதற்கு நேரடியாக ஐபி முகவரி கொடுக்க முடியாது. 'நோ ஸ்விட்ச்போர்ட்' என்று கொடுத்தால்தான் அது ரவுட்டர் போர்ட் போல நடந்துகொள்ளும். பிறகு 'ஐபி அட்ரஸ் 192.0.2.1/30' என்று முகவரி கொடுக்கலாம்.

2. பிங் செய்து பாருங்கள்: பிஜிபி பக்கம் போவதற்கு முன் 192.0.2.2-க்கு பிங் போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கேபிளே சரியில்லாமல் பிஜிபியில் தவறு தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் இந்தத் துறையில் நிறைய பேர்.

3. ரவுட்டிங்கை ஆன் செய்யுங்கள்: 'ஐபி ரவுட்டிங்' என்ற கமாண்ட். பல ஸ்விட்ச்களில் இது முதலில் ஆஃப் நிலையில் இருக்கும். இதை மறந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் டேட்டா நகராது.

4. ஃபில்டர்களை எழுதுங்கள்: பலர் இதைக் கடைசியில் செய்வார்கள், சிலர் செய்யவே மாட்டார்கள். செஷன் உயிர் பெறுவதற்கு முன்பே இது தயாராக இருக்க வேண்டும். இரண்டு பட்டியல்கள் போதும். வெளியே சொல்லும் பட்டியலில் நம்முடைய 198.51.100.0/24 மட்டும். உள்ளே ஏற்கும் பட்டியலில் அவர்களுடைய 203.0.113.0/24 மட்டும். பட்டியலில் இல்லாத மற்ற எல்லாமே தானாக மறுக்கப்படும்.

5. பிஜிபியைத் தொடங்குங்கள்: 'ரவுட்டர் பிஜிபி 64496'. இது நம் அடையாளம். கூடவே 'ரவுட்டர்-ஐடி' என்று ஒரு எண்ணையும் நாமே கொடுத்துவிடலாம். நம் நெட்வொர்க்கில் வேறு கருவியில் இல்லாத எண்ணாக அது இருக்க வேண்டும்.

6. பக்கத்து நெட்வொர்க்கைச் சொல்லுங்கள்: 'நெய்பர் 192.0.2.2 ரிமோட்-ஏஎஸ் 64497'. இந்த ஒரு வரிதான் பியரிங்கின் உயிர். இதே போல அவர்களும் தங்கள் ஸ்விட்ச்சில் நம் ஐபியையும் நம் எண்ணையும் எழுதியிருக்க வேண்டும். பிஜிபி தானாக யாரையும் தேடிப் போய்ப் பழகாது. இரண்டு பக்கமும் பெயர் சொல்லி அழைத்தால்தான் பேச்சு தொடங்கும்.

7. பாதுகாப்பைச் சேருங்கள்: இரண்டு பக்கமும் ஒரே பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். 4-வது படியில் எழுதிய இரண்டு ஃபில்டர்களையும் இந்த நெய்பரோடு இணைக்க வேண்டும். அவர்களிடம் இருந்து அதிகபட்சம் எத்தனை வழிகளை ஏற்கலாம் என்ற உச்சவரம்பையும் இங்கேயே வைக்க வேண்டும். சிஸ்கோவில் 'மேக்ஸிமம்-ப்ரீஃபிக்ஸ்', அரிஸ்டாவில் 'மேக்ஸிமம்-ரூட்ஸ்'.

8. நம் முகவரியை அறிவியுங்கள்: 'நெட்வொர்க் 198.51.100.0/24'. ஒரு விஷயம் கவனிக்கணும். அந்த முகவரித் தொகுதி நம் ஸ்விட்ச்சின் ரவுட்டிங் டேபிளில் ஏற்கெனவே இருந்தால்தான் அறிவிப்பு வெளியே போகும். தன்னிடம் இல்லாத ஒன்றை இந்தக் கமாண்ட் மூலம் சொல்ல முடியாது.

கவனிச்சீங்களா? ஃபில்டர் எழுதும் வேலையைக் கழித்துவிட்டால் பிஜிபிக்கு என்று நாம் எழுதியது சில வரிகள்தான். செஷனைக் கொண்டுவருவது சுலபம். அதன் வழியாக எது போகலாம், எது வரலாம் என்று தீர்மானிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

'ஆக்டிவ்' என்று காட்டினால் வேலை முடிந்ததா?

இல்லை! புதியவர்கள் ஏமாறும் இடம் இது. 'ஷோ ஐபி பிஜிபி சம்மரி' என்று கொடுத்தால் செஷன் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். மொத்தம் ஆறு நிலைகள்.

ஐடில்: சும்மா இருக்கிறது. தொடங்கவில்லை, அல்லது பிழை வந்து பின்வாங்கிவிட்டது.

கனெக்ட்: எதிர்ப்பக்கத்தோடு டிசிபி இணைப்புக்கு முயல்கிறது. பிஜிபி பயன்படுத்துவது 179-வது போர்ட்.

ஆக்டிவ்: பெயர்தான் ஆக்டிவ். முதல் முயற்சி பலிக்கவில்லை, மறுபடி முயல்கிறேன் என்று அர்த்தம். செஷன் இன்னும் வரவில்லை.

ஓபன்சென்ட்: "நான் இன்னார், என் எண் இது" என்று அறிமுகம் அனுப்பியாகிவிட்டது.

ஓபன்கன்ஃபர்ம்: எதிர்ப்பக்கத்தின் அறிமுகமும் வந்துவிட்டது. சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது.

எஸ்டாப்ளிஷ்ட்: கைகுலுக்கியாகிவிட்டது. இனி வழிகளைப் பரிமாறலாம்.

சிஸ்கோ கருவிகளில் இன்னொரு குறிப்பு. செஷன் வந்துவிட்டால் கடைசி கட்டத்தில் நிலையின் பெயர் மறைந்து, அங்கே ஒரு எண் வரும். அவர்களிடம் இருந்து எத்தனை வழிகள் பெற்றோம் என்பதன் கணக்கு அது. அங்கே 0 என்று இருந்தால் செஷன் இருக்கிறது, ஆனால் வழி எதுவும் வரவில்லை. அவர்கள் அறிவிக்கவில்லை, அல்லது நம் ஃபில்டர் தடுக்கிறது.

கைகுலுக்கிய பிறகும் இரண்டு பக்கமும் "இருக்கேன், இருக்கேன்" என்று அவ்வப்போது சொல்லிக்கொள்ள வேண்டும். சிஸ்கோவில் வழக்கமான அமைப்பு 60 நொடிக்கு ஒருமுறை. 180 நொடி வரை சத்தமே இல்லையென்றால் செஷன் முறிந்ததாகக் கொண்டு, அவர்கள் சொன்ன வழிகள் எல்லாம் அழிக்கப்படும். 3 நிமிடம் என்பது வங்கிக்கோ மருத்துவமனைக்கோ மிக நீண்ட நேரம். அதனால் ஒரு நொடிக்குள் கண்டுபிடிக்கும் 'பிஎஃப்டி' என்ற வசதியையும் சேர்த்து வைப்பது வழக்கம்.

செஷன் வரலையா? இதையெல்லாம் பாருங்க

ஐபி முகவரியில் ஒரு எண் மாறியிருக்கலாம். எதிர்ப்பக்கத்தின் ஏ.எஸ். எண்ணைத் தவறாக எழுதியிருந்தால், அறிமுகம் வந்த உடனே செஷன் முறிந்து மீண்டும் ஐடிலுக்குப் போகும். பாஸ்வேர்டில் ஒரு எழுத்து மாறினாலும் இணைப்பு வராது. நடுவில் உள்ள பாதுகாப்பு விதி 179-வது போர்ட்டைத் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டு கருவிகளும் நேரடியாக இணைக்கப்படாமல் நடுவில் இன்னொரு ரவுட்டர் இருந்தாலும் பிரச்னைதான். வெளி நெட்வொர்க்கோடு பேசும் பிஜிபி, பக்கத்து வீட்டோடு மட்டும்தான் பேசும் என்பது வழக்கமான அமைப்பு. தூரத்தில் இருப்பவரோடு பேச 'ஈபிஜிபி-மல்டிஹாப்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

செஷன் வந்து, சில நிமிடத்தில் விழுந்து, மறுபடி வந்தால்? இரண்டு பக்கமும் அனுமதிக்கும் பாக்கெட் அளவு ஒன்றா என்று பாருங்கள். சிறிய அறிமுகச் செய்திகள் போய்விடும். பெரிய வழிப்பட்டியல் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

ஃபில்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? யூடியூப் கதை

2008 பிப்ரவரி 24. பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்ய அந்நாட்டு அரசு உத்தரவிட்டது. அதை நிறைவேற்ற பாகிஸ்தான் டெலிகாம், "யூடியூப் முகவரி என்னிடம் இருக்கிறது" என்ற ஒரு போலி வழியை உருவாக்கியது. அந்த வழியில் போகும் டேட்டா எங்கும் சேராது. நாட்டுக்குள் மட்டும் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் அந்த அறிவிப்பு, ஹாங்காங்கைச் சேர்ந்த பிசிசிடபிள்யூ நிறுவனத்துடனான பிஜிபி செஷன் வழியாக வெளியே போனது. அந்த நிறுவனம் அதைத் தடுக்காமல் ஏற்று உலகுக்குப் பரப்பியது. உலகின் பல நாடுகளில் யூடியூப் சுமார் 2 மணி நேரம் முடங்கியது.

உண்மையான யூடியூபின் அறிவிப்பும் இருந்ததே, ஏன் போலி ஜெயித்தது? தபால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் 'சென்னைக் கடிதங்கள் இந்தப் பக்கம்' என்றும், இன்னொன்றில் 'சென்னை தி.நகர் கடிதங்கள் இந்தப் பக்கம்' என்றும் எழுதியிருந்தால், தி.நகர் கடிதத்தை எங்கே போடுவார்? தெளிவாகச் சொன்ன பலகையின் பக்கம்தான். இணையத்திலும் அதே விதி. யூடியூப் அறிவித்தது 208.65.152.0/22, அதாவது 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்தது அதற்குள் இருக்கும் 208.65.153.0/24, வெறும் 256 முகவரிகள். சிறியது, குறிப்பானது, அதனால் வென்றது.

இரண்டு இடத்தில் ஒரு இடத்திலாவது ஃபில்டர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. சொல்பவர் தன்னுடையதை மட்டும் சொல்லியிருக்கலாம். கேட்பவர் அவருக்கு உரியதை மட்டும் ஏற்றிருக்கலாம். நாம் மேலே 4-வது படியில் எழுதிய அந்த இரண்டு பட்டியல்கள்தான் அவை.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவில் வோடஃபோன் ஐடியாவின் 55410 என்ற ஏ.எஸ்.ஸில் இருந்து, மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொந்தமான 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகள் தவறுதலாக அறிவிக்கப்பட்டன.

இப்படிப்பட்ட தவறுகளைக் குறைக்க 2017-ல் ஆர்.எஃப்.சி. 8212 என்ற விதி வந்தது. ஃபில்டர் எழுதாத வெளி செஷனில் எதையும் ஏற்காதே, எதையும் சொல்லாதே என்பதுதான் அது. ஆனால் எல்லாக் கருவிகளும் இதைப் பின்பற்றுவதில்லை. உங்கள் ஸ்விட்ச் எந்த ரகம் என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

உச்சவரம்பு எதற்கு?

ஸ்விட்ச்சின் நினைவகத்துக்கு ஓர் எல்லை உண்டு. உலகின் மொத்த ஐபிவி4 வழிகள் இன்று 10 லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. பெரும்பாலான ஸ்விட்ச்கள் அத்தனையையும் தாங்க மாட்டா. பக்கத்து நெட்வொர்க் தவறுதலாக மொத்தப் பட்டியலையும் நம் தலையில் கொட்டினால் நம் ஸ்விட்ச் படுத்துவிடும்.

2014 ஆகஸ்ட் 12 அன்று இதுபோன்ற ஒன்று உலக அளவில் நடந்தது. அன்று உலக வழிகளின் எண்ணிக்கை 5.12 லட்சம் என்ற அளவைத் தாண்டியது. அந்த அளவுக்கு மட்டுமே இடம் வைத்திருந்த பழைய ரவுட்டர்கள் பல திணறின, பல இடங்களில் இணையம் தடுமாறியது.

உச்சவரம்பு வைத்திருந்தால், வரம்பு மீறிய உடனே அந்த ஒரு செஷன் மட்டும் முறியும். மற்றவை பிழைக்கும்.

அப்போ ஃபேஸ்புக்குக்கு என்னதான் ஆச்சு?

அந்த நிறுவனமே பிறகு வெளியிட்ட விளக்கம் இது. வழக்கமான பராமரிப்புப் பணியில் கொடுக்கப்பட்ட ஒரு கமாண்ட், அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் உள் நெட்வொர்க்கை மொத்தமாகத் துண்டித்தது. தவறான கமாண்ட்களைத் தடுக்க ஒரு மென்பொருள் இருந்தது. அதிலும் பிழை இருந்ததால் தடுக்கவில்லை.

ஃபேஸ்புக்கின் பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள், டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால் "என் பக்கம் ஏதோ சரியில்லை" என்று தங்கள் பிஜிபி அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெறும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரு சர்வர் கெட்டால் இது நல்ல ஏற்பாடு. அன்று எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று சொல்ல ஆள் இல்லை.

தூரத்தில் இருந்து சரிசெய்யவும் முடியவில்லை, ஏனென்றால் உள்ளே நுழையும் பாதையும் அதே நெட்வொர்க்தான். பொறியாளர்கள் நேரடியாக டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. பலத்த பாதுகாப்பைத் தாண்டி உள்ளே போகவே நேரம் பிடித்தது.

சிறிய நெட்வொர்க் நடத்துபவருக்கும் இதில் பாடம் உண்டு. ஸ்விட்ச்சை நிர்வகிக்கும் வழி, அந்த ஸ்விட்ச்சின் பிஜிபியையே நம்பி இருக்கக் கூடாது. தனி இணைப்போ, கன்சோல் கேபிளோ, மொபைல் டேட்டாவில் இயங்கும் மாற்று வழியோ கட்டாயம் வேண்டும். ஃபில்டரை மாற்றும்போது செஷனை முழுசாக அறுக்காமல் 'சாஃப்ட்' முறையில் புதுப்பிப்பதும் நல்ல பழக்கம். வெறும் 'கிளியர்' கமாண்ட் கொடுத்தால் அந்த நொடியில் செஷன் அறுந்து, வழிகள் எல்லாம் போய்த்தான் திரும்ப வரும்.

பொய் அறிவிப்பைக் கண்டுபிடிக்க முடியாதா?

இப்போது ஓரளவுக்கு முடியும். 'ஆர்பிகேஐ' என்ற முறையில், ஒரு முகவரித் தொகுதியின் உரிமையாளர் "இதை அறிவிக்க இந்த ஏ.எஸ். எண்ணுக்குத்தான் உரிமை" என்று டிஜிட்டல் கையெழுத்திட்டுப் பதிவு செய்யலாம். நிலத்துக்குப் பட்டா மாதிரி. மற்ற நெட்வொர்க்குகள் அறிவிப்பு வரும்போது பட்டாவைப் பார்த்து, பொருந்தாததைத் தள்ளிவிடலாம். உலகின் ஐபிவி4 வழிகளில் இப்படிப் பதிவானவற்றின் பங்கு 2024-ல் பாதியைத் தாண்டியது.

ஆனால் இது முழு மருந்து இல்லை. அறிவிப்பைத் தொடங்கியவர் சரியானவரா என்று மட்டும்தான் இது பார்க்கும். நடுவில் எந்த வழியாக வந்தது என்பதைப் பார்க்காது. அதனால் ஃபில்டர் எழுதும் வேலை இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

யுபிஐயில் காசு அனுப்புவது, ஆன்லைன் வகுப்பு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு வீடியோ கால் என எல்லாமே எங்கோ சில ஸ்விட்ச்களில் 'எஸ்டாப்ளிஷ்ட்' நிலையில் நிற்கும் செஷன்களை நம்பித்தான் ஓடுகின்றன. அடுத்த முறை ஒரு பெரிய சேவை மட்டும் திடீரென முடங்கி, மற்ற எல்லாம் சரியாக வேலை செய்தால், போனை ரீஸ்டார்ட் செய்வதில் பலன் இருக்காது.

நெட்வொர்க் துறையில் வேலைக்குச் சேரப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. 'நெய்பர்' என்ற அந்த ஒரு வரியை டைப் செய்து என்டர் தட்டும் முன், அதற்கான இரண்டு ஃபில்டர்களும் எழுதியாச்சா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால், என்டர் தட்டாதீங்க.